அவளைப் பற்றி யார் சொல்வது? தமிழ்ச் சிறுகதைப் பெண்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதம் ஒரு சிறுகதையை எடுத்துக்கொண்டு பேசும் சின்னக் கூட்டம் ஒன்றைச் சில ஆண்டுகளாக நடத்திவருகிறோம். பத்துப் பன்னிரண்டு பேர், காபி, சில நாள் சண்டை. எந்தக் கதையை எடுத்தாலும் பேச்சு கடைசியில் அதில் வரும் பெண்ணிடம் போய் நின்றுவிடும். அவள் அப்படிச் செய்யலாமா, எழுதியவர் அவளை அப்படிக் காட்டலாமா என்று. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கதைகளின் முடிவுகளைச் சொல்லாமல் இதை எழுத முடியவில்லை. முடிவு தெரிந்தால் கதை கெட்டுவிடும் என்று நினைப்பவர்கள் முதலில் கதைகளைப் படித்துவிட்டு வரலாம்.

'பெண் வார்ப்பு' என்று எதைச் சொல்கிறீர்கள்?

கதை தொடங்கும் முன்பே நம் மனத்தில் தயாராக இருக்கும் பெண் உருவத்தை. ஒரு தாய் பஞ்ச காலத்தில் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு நடந்து போகிறாள் என்று ஆரம்பித்தால் போதும், நல்லதங்காள் என்று நமக்குத் தெரிந்துவிடும். வாசலில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அண்ணி மூளி அலங்காரியும் கூடவே வந்துவிடுவாள். ராத்திரியில் தனியாக வழியில் நின்று பேச்சுக் கொடுக்கும் பெண் என்றால் நீலி. புருஷனுக்காகச் சிலம்பைக் கையில் எடுத்தால் கண்ணகி.

விமர்சகர்கள் தொன்மப் படிமம், ஆதிப்படிமம் என்றெல்லாம் எழுதுவார்கள். எனக்கு வார்ப்பு என்ற சொல்லே போதும். அச்சு ஒன்றுதான், ஊற்றுகிற உலோகம்தான் வேறு. சிறுகதைக்கு இது பெரிய வசதி. எட்டுப் பக்கத்துக்குள் ஒருத்தியை நம் முன்னால் நிறுத்த வேண்டுமானால் பாதி வேலையை வாசகரின் நினைவுதான் செய்தாக வேண்டும். நாவலுக்கு அந்த அவசரம் இல்லை.

சரி, தமிழ்ச் சிறுகதையில் அடிக்கடி வருபவர்கள் யார் யார்?

பத்தினி, தாசி, கைம்பெண், மாமியார், தியாகத் தாய், வாழாவெட்டி, கல்யாணம் ஆகாமல் வீட்டுக்குச் சம்பாதித்துப் போடும் மூத்த மகள், மோகினி. இந்தப் பட்டியலை ஒரு தரம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மோகினியைத் தவிர எல்லாருடைய பெயரும் யாரோ ஒருவருடைய உறவை வைத்தே வருகிறது. கணவன் இருக்கிறான், இல்லை, விட்டுவிட்டான், இனிமேல்தான் வர வேண்டும். மோகினிக்கும் எதிரே ஓர் ஆண் வந்தால்தான் வேலை.

'வாழாவெட்டி', 'மலடி' போன்ற சொற்களுக்கு ஆண்பாலில் புழக்கத்தில் சொல் இருக்கிறதா என்று ஒரு கூட்டத்தில் ஒருவர் கேட்டார். அரை மணி நேரம் யோசித்தோம். கிடைக்கவில்லை.

அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்று தொல்காப்பியமே சொல்லிவிட்டதே?

தொல்காப்பியம் சொன்னது மூன்றைத்தான்: அச்சம், நாண், மடன். பயிர்ப்பு பின்னால் சேர்ந்தது. தொல்காப்பியர் இதைக் களவியலில், காதலில் இருக்கும் தலைவியைப் பற்றிப் பேசும் இடத்தில் சொல்கிறார். கவிதைக்குள் வரும் ஒரு பாத்திரத்துக்கான இலக்கணம், எப்படியோ வீட்டில் இருக்கும் எல்லாப் பெண்களுக்குமான சட்டமாகிவிட்டது. இது எப்படி நடந்தது என்று தமிழ் படித்தவர்கள்தான் விளக்க வேண்டும்.

தமிழின் முதல் சிறுகதையே ஒரு பெண்ணைப் பற்றியதுதானாமே?

எது முதல் என்பதில் இன்னும் வழக்குத் தீரவில்லை. பலரும் சுட்டுவது வ.வே.சு. ஐயரின் 'குளத்தங்கரை அரசமரம்'. 1915இல் 'விவேகபோதினி'யில் வந்தது. பிறகு 'மங்கையர்க்கரசியின் காதல்' தொகுப்பில் சேர்ந்தது.

கதை இதுதான். ருக்மிணி பணக்கார வீட்டுப் பெண். சின்ன வயதிலேயே நாகராஜனுக்குக் கட்டிக் கொடுக்கிறார்கள். சென்னையில் அர்பத்நாட் கம்பெனி திவாலாகிறது. 1906இல் நிஜமாகவே நடந்தது அது, பல குடும்பங்களின் சேமிப்பு ஒரே நாளில் போயிற்று. ருக்மிணியின் அப்பா பணமும் போகிறது. உடனே மாமனார் மாமியாரின் முகம் மாறுகிறது. மகனுக்கு இரண்டாம் கல்யாணத்துக்கு ஏற்பாடு செய்கிறார்கள். நாகராஜனுக்கு அதில் சம்மதம் கிடையாது. ஆனால் கடைசி நேரத்தில் மறுத்து எல்லாரையும் திகைக்க வைக்கலாம் என்று திட்டம் போட்டு, அதுவரைக்கும் சம்மதித்ததுபோல நடிக்கிறான். அந்தத் திட்டத்தை ருக்மிணியிடம் சொல்வதில்லை. அவள் குளத்தில் விழுந்து சாகிறாள். அவன் சந்நியாசியாகப் போய்விடுகிறான்.

இதையெல்லாம் நமக்குச் சொல்வது யார்? குளத்தங்கரையில் நிற்கும் அரசமரம். ருக்மிணியின் அழகும் குணமும் துக்கமும் மரம் பார்த்த அளவுக்குத்தான் நமக்குக் கிடைக்கின்றன. இன்னொரு வேடிக்கையும் உண்டு: பத்திரிகையில் வந்தபோது கதை ஐயரின் மனைவி பாக்கியலட்சுமி அம்மாள் பெயரில் வந்தது. பெண்ணின் பெயரில் ஓர் ஆண் எழுதி, ஒரு மரத்தின் வாயால் சொன்ன பெண் கதை. தமிழ்ச் சிறுகதை அடுத்த நூறு வருஷத்துக்குச் சுமக்கப்போகிற விஷயம் இந்த ஒரு தகவலிலேயே இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

அவனுடைய அந்த மௌனத்தையும் கவனியுங்கள். அப்பா அம்மாவை ஏமாற்ற ஒரு திட்டம், நண்பனிடம் அதைப் பற்றிப் பேச்சு, எல்லாம் உண்டு. மனைவிக்கு ஒரு வார்த்தை கிடையாது. அவள் பொறுத்திருப்பாள் என்பது அவனுக்கு அவ்வளவு நிச்சயம். பத்தினி வார்ப்பை ருக்மிணியைவிட அவன்தான் அதிகம் நம்பியிருக்கிறான்.

அதற்கும் இதற்கும் என்ன? யார் கதை சொன்னால் என்ன?

எங்கள் கூட்டத்தில் அதிகம் சண்டை நடந்த கேள்வி இது. என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கதையில் பெண் பத்தினியாக வருகிறாளா, தாசியாக வருகிறாளா என்பதை வைத்து அந்தக் கதையை எடைபோட முடியாது. அவளைப் பற்றி நமக்குச் சொல்வது யார், அவர்களுக்கு எவ்வளவு தெரியும், கதை அதை நமக்குக் காட்டுகிறதா மறைக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கி. ராஜநாராயணனின் 'கன்னிமை'யை எடுத்துக்கொள்ளுங்கள். நாச்சியாரம்மா என்ற பெண்ணின் கதை. முதல் பாதியைச் சொல்வது அவள் சகோதரன். அள்ளி அள்ளிக் கொடுத்த கை, வேலைக்காரர்களிடம் காட்டிய பிரியம், வீட்டையே நிறைத்த அவளுடைய இருப்பு என்று உருகுகிறான். இரண்டாம் பாதியைச் சொல்வது கணவன். பிள்ளைகள் பெற்ற பிறகு அவள் கணக்குப் பார்க்கிறாள், கறாராகப் பேசுகிறாள், பழைய நாச்சியாரம்மா எங்கே போனாள் என்று அவனுக்கு ஏக்கம்.

பலர் இதைப் படித்துவிட்டு, "கல்யாணம் ஆனால் பெண்கள் இப்படித்தான் ஆகிவிடுகிறார்கள்" என்பார்கள். எங்கள் கூட்டத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் மெதுவாகக் கேட்டார்: "அண்ணன் வீட்டில் அவள் அள்ளிக் கொடுத்தது யாருடைய தானியம்? இங்கே மிச்சம் பிடிப்பது யாருக்காக?" அத்தோடு அன்றைய பேச்சே திசை மாறிவிட்டது. இரண்டு ஆண்கள் தங்களுக்குக் கிடைத்ததையும் கிடைக்காமல் போனதையும் சொல்கிறார்கள். நாச்சியாரம்மா தன் கதையை ஒரு வரிகூடச் சொல்வதில்லை. கி.ரா. தெரிந்துதான் இப்படி அமைத்தார் என்பது என் எண்ணம். இல்லாவிட்டால் நடுவில் குரலை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை.

புதுமைப்பித்தனை ஏன் எல்லாரும் இந்த விஷயத்தில் இழுக்கிறார்கள்?

வார்ப்பை எடுத்து நம் முகத்துக்கு நேரே வீசியவர் அவர். 'பொன்னகரம்' 1934இல் வந்த கதை. அம்மாளு மில்லில் வேலை பார்ப்பவள். புருஷன் முருகேசன் ஜட்கா ஓட்டுபவன். குடித்துவிட்டு ஓட்டி, வண்டியிலிருந்து விழுந்து அடிபட்டுக் கிடக்கிறான். அவனுக்குப் பால் கஞ்சி வேண்டும், கையில் காசில்லை. இருட்டில் ஒரு சந்துக்குப் போய் முக்கால் ரூபாயோடு வருகிறாள். புருஷனுக்காக எதையும் செய்பவள் பத்தினி, காசுக்காக இன்னொருவனோடு போகிறவள் தாசி என்றால் அம்மாளு யார்? ஒரே செயலில் இரண்டு அச்சும் உடைகிறது. கதைசொல்லி கடைசியில் வாசகர் பக்கம் திரும்பி, கற்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும் நம்மை ஒரு அதட்டு அதட்டுவார். எனக்கு அந்த அதட்டல் கொஞ்சம் அதிகம் என்றுதான் படும். அம்மாளு முக்கால் ரூபாயை வாங்கிக்கொண்டு நடந்த இடத்திலேயே கதை முடிந்துவிட்டது.

அதைவிடப் பெரிய கதை 'சாப விமோசனம்'. 1943. ராமன் கால் தூசி பட்டு அகலிகை கல்லிலிருந்து எழுகிறாள், கோதமன் ஏற்றுக்கொள்கிறான். புராணம் அங்கே முடிகிறது, புதுமைப்பித்தன் அங்கே ஆரம்பிக்கிறார். எழுந்தவளுக்கு நிம்மதி இல்லை. எந்த ஆணைப் பார்த்தாலும் இந்திரன் வேஷமோ என்று உள்ளே நடுங்குகிறாள். பிறகு வனவாசம் முடிந்து ராமனும் சீதையும் அவளைப் பார்க்க வருகிறார்கள். அக்கினியில் இறங்கிய சங்கதியைச் சீதை ஏதோ ஊர்க்கதை போலச் சொல்கிறாள். அவனா கேட்டான், நீ ஏன் செய்தாய் என்று அகலிகைக்குக் கொதிக்கிறது. தன்னை மன்னித்தவனே மனைவியைச் சோதித்தவன். கடைசியில் கோதமன் அவளைத் தேற்ற வரும்போது அவனும் இந்திரன் வேஷமாகத் தெரிகிறான். அவள் மறுபடி கல்லாகிறாள்.

முதல் முறை கல்லானது ஒரு முனிவரின் சாபத்தால். இரண்டாம் முறை யாரும் சபிக்கவில்லை. இரண்டு பெண்கள் தனியாக உட்கார்ந்து பேசினார்கள், அவ்வளவுதான். தமிழ்க் கதைகளில் அப்படி இரண்டு பெண்கள் தங்களுக்கு நடந்ததைத் தாங்களே பேசிக்கொள்ளும் இடங்களை எண்ணிப் பாருங்கள், இந்தக் கதை ஏன் அப்படிச் சுட்டது என்பது விளங்கும்.

ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' ஏன் அத்தனை சர்ச்சை ஆயிற்று?

1966இல் ஆனந்த விகடனில் வந்தது. மழையில் பஸ்ஸுக்கு நிற்கும் கல்லூரி மாணவி, முன்பின் தெரியாத ஒருவனுடைய காரில் ஏறுகிறாள். காரில் நடக்கக்கூடாதது நடக்கிறது. அழுதுகொண்டே வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்கிறாள். அம்மா அடிக்கிறாள். அப்புறம் யாருக்கும் தெரியாமல் அவளைக் குளிப்பாட்டி, தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். தலைப்பில் நெருப்பு, கதையில் தண்ணீர். சீதைக்கு ஊரே கூடி நின்று சோதனை. இங்கே நான்கு சுவருக்குள் ஒரு விதவைத் தாயே தீர்ப்புச் சொல்லி வழக்கை முடித்துவிடுகிறாள்.

இது எப்படி நடக்கும் என்று வாசகர்களிடமிருந்து பலத்த எதிர்ப்பு. ஜெயகாந்தன் என்ன செய்தார் தெரியுமா? சரி, அந்த அம்மா அப்படிச் செய்யாமல் கத்தி ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு நாவலே எழுதினார். அதுதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. நாவலில் வரும் கங்கா, 'அக்கினிப் பிரவேசம்' கதையை ஒரு பத்திரிகையில் படிக்கிறாள். தன் வாழ்க்கையைக் கதையாக எழுதிய ஆளைத் தேடுகிறாள். 1972இல் நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது, 1977இல் பீம்சிங் இயக்கத்தில் படம், அதில் நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது.

விருதும் படமும் இருக்கட்டும். எனக்கு இதில் பிடித்தது, ஒரு கதாபாத்திரம் தன்னைப் பற்றி எழுதப்பட்டதைப் படித்துவிட்டு எழுத்தாளர் முன்னால் போய் நிற்பது. ருக்மிணிக்கும் நாச்சியாரம்மாவுக்கும் கிடைக்காத வாய்ப்பு.

கதை மேலேயும் குறை உண்டு. நடந்தது என்ன என்பதைவிட அவள் சுத்தமா இல்லையா என்பதே கதையின் கவலை. தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டியிருந்தது என்றாலே அழுக்கு என்று ஒத்துக்கொண்டதாகாதா என்று இளம் வாசகிகள் கேட்கிறார்கள். கேட்கட்டும். 1966இல் அந்த அம்மாவுக்கு அதற்கு மேல் சொல் கிடைத்திருக்காது என்பது என் பதில். அவர்களுக்கு அது போதவில்லை.

ஆண் எழுத்தாளர் பெண் மனத்தை எழுத முடியுமா?

கு.ப. ராஜகோபாலனைப் படித்தவர்கள் முடியாது என்று சொல்லமாட்டார்கள். 1902இல் பிறந்து 1944இல் போய்விட்டார். 'ஆற்றாமை'யில் சாவித்திரியின் கணவன் வேறு ஊரில். பக்கத்து அறையில் புதுத் தம்பதி. ராத்திரியில் அந்தக் கணவனைத் தேடி ஒரு நண்பன் வருகிறான். இந்த நேரத்தில் வேண்டாம் என்று சாவித்திரி சொல்லியிருக்கலாம். கதவைத் தட்டச் சொல்லிவிடுகிறாள். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்த பிறகு அழுகிறாள். பிரிவில் காத்திருக்கும் பத்தினி என்பது சங்கக் கவிதையிலிருந்தே நமக்குப் பழக்கமான உருவம். அவளுக்குப் பொறாமையும் சின்னத்தனமும் கொடுத்தார் கு.ப.ரா. கொடுத்தும் அவள் மேல் நமக்குக் கோபம் வராதபடி பார்த்துக்கொண்டார்.

'விடியுமா?' இன்னும் நுட்பம். கணவன் சென்னை ஆஸ்பத்திரியில் அபாயமாகக் கிடக்கிறான் என்று தந்தி. குஞ்சம்மாள் தம்பியோடு கும்பகோணத்திலிருந்து ராத்திரி ரயிலில் போகிறாள். அந்தப் புருஷனோடு அவளுக்கு வாழ்க்கை சுகமாக இருந்ததில்லை. ரயில் ஓட ஓட அழுகை, நம்பிக்கை, வேறு ஏதோ ஒன்று எல்லாம் மாறி மாறி வருகிறது. விடிந்து, அவன் இறந்தது உறுதியான பிறகு அவளிடம் தெரியும் அமைதியை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது? கதையைச் சொல்வது தம்பி. அவனுக்கும் தெரியவில்லை, தெரிந்ததுபோல நடிக்கவும் இல்லை. ஆண் எழுதலாமா என்ற கேள்விக்கு அந்தத் தம்பியைத்தான் காட்டுவேன்.

அப்படியானால் பெண்கள் எழுதினால் வார்ப்பு போய்விடுமா?

போகாது. ஆனால் சில சமயம் அது வீட்டு உடையில் வரும். குமுதினி என்ற பெயரில் எழுதிய ரங்கநாயகி, புராண அரசிகள் எழுதும் கடிதங்களாகச் சில எழுதினார். சீதை அயோத்தியிலிருந்து தன் அம்மாவுக்கு எழுதுகிறாள். பேச்செல்லாம் சேலையைப் பற்றி, புகுந்த வீட்டார் அதைப் பற்றி என்ன சொன்னார்கள் என்பதைப் பற்றி. சண்டை இல்லை, கோஷம் இல்லை. காவிய நாயகி திடீரென்று நம் வீட்டுப் புது மருமகள் ஆகிவிடுகிறாள்.

ஆர். சூடாமணியின் 'நான்காம் ஆசிரமம்' வேறு வழி. பிரம்மசரியம், இல்லறம், வானப்பிரஸ்தம், சந்நியாசம் என்ற நான்கும் ஆணுக்கு வகுத்தவை. அதில் ஒரு பெண்ணை நடக்கவிட்டால்? சங்கரி மூன்று கல்யாணங்களைக் கடந்து, கடைசியில் தனிமையைக் கேட்கிறாள். கதை நமக்குத் தெரிவது அவள் செத்த பிறகு, அவளை மணந்த இரண்டு ஆண்களின் உரையாடல் வழியாக. பெண் எழுத்தாளரே தன் நாயகியைப் பேசவிடாமல் ஆண்களைப் பேசவிட்டாரே என்று முதல் தடவை எனக்கு எரிச்சல். இப்போது அப்படித் தோன்றவில்லை. அவர்கள் பேசப் பேச அவர்களுக்கு அவள் பிடிபடவே இல்லை என்பதுதான் தெரிகிறது.

அம்பையில் எந்தக் கதையை முதலில் படிக்கலாம்?

'அம்மா ஒரு கொலை செய்தாள்'. கறுப்பாக இருக்கும் ஒரு சிறுமி. அம்மா ஊரில் இல்லாத நேரத்தில் பெரியவளாகிவிடுகிறாள். சுற்றியிருப்பவர்கள் சொல்வது எதுவும் புரியவில்லை, பயமாக இருக்கிறது. அம்மா வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று காத்திருக்கிறாள். கதை முழுக்க அம்மா ஒரு தேவதை போல இருக்கிறாள். அம்மா வருகிறாள். போன இடத்தில் சொந்தக்காரப் பெண்ணைக் கறுப்பு என்று மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்றுவிட்ட வேதனை அவளுக்கு. மகளிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்கிறாள், உனக்கு என்ன அவசரம் என்கிற தொனியில். தலைப்பில் இருக்கும் கொலை அந்த வாக்கியம்தான். தியாகத் தாய் என்ற வார்ப்பின்மேல் இவ்வளவு சின்னக் கல்லால் இவ்வளவு குறிபார்த்து யாரும் அடித்ததில்லை. சொல்வது மகள் என்பதை மறக்காதீர்கள். அம்மா பக்கம் ஒரு கதை இருக்கிறது, நமக்குச் சாடையாகத் தெரிகிறது, சிறுமிக்குத் தெரியாது.

அடுத்து 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை'. இடம் ராஜஸ்தான். பெரிய வீட்டில் சமையலறை மட்டும் மூலையில், இருட்டாக, சின்ன ஜன்னலோடு. ஜன்னல் வழியாகத் தெரியும் மலைதான் ஒரே ஆறுதல். மருமகள் மீனாட்சி அதைக் கொஞ்சம் பெரிதாக்கலாமே என்கிறாள். மாமனார் பப்பாஜி மறுபேச்சு எதுவும் பேசுவதில்லை. சமையலறைக்கு வெளியே துணி காயப்போடக் கொடி கட்டிவிடுகிறார். மலை மறைந்துபோகிறது. தடையை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது!

அம்பை என்ற சி.எஸ். லக்ஷ்மி ஆராய்ச்சியாளரும்கூட. தமிழ் இலக்கியத்தில் பெண்களைப் பற்றி 1984இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். பெண்களின் வாழ்க்கையை ஆவணப்படுத்த 1988இல் மும்பையில் 'ஸ்பாரோ' காப்பகத்தைத் தொடங்கினார். 2021இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார்.

மாமியார் எப்போதும் வில்லிதானா?

அதே சமையலறைக் கதையில் மீனாட்சியின் மாமியார் ஜீஜி இருக்கிறாள். சின்ன வயதில் கல்யாணமாகி வந்தபோது அவள் மாமியார் சொன்ன அறிவுரை: சமையலறையைக் கைவிடாதே, அலங்கரித்துக்கொள்ளத் தவறாதே, பலமெல்லாம் அங்கேதான். ஜீஜி அதை நம்பி வாழ்ந்து, தான் பெரிய அதிகாரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவள் உடம்பு முடியாமல் படுத்திருக்கும்போது மீனாட்சிதான் அது பலமே இல்லை என்று சொல்கிறாள். மாமியாருக்குக் கிடைத்த ராஜ்ஜியம் எவ்வளவு பெரிது என்று அளந்து காட்டிய பிறகு அவளை வில்லி என்று எப்படிச் சொல்வது?

ஆண்களுக்கு வார்ப்பு இல்லையா?

தாராளமாக உண்டு. வீட்டில் உதவாக்கரை, ஊரில் வீரன், பெண்டாட்டி பேச்சைக் கேட்பவன். அதில் மாட்டிக்கொண்டு தவித்தவர்களை நம் கதைகள் நன்றாகவே காட்டியிருக்கின்றன. புதுமைப்பித்தனின் 'செல்லம்மா'ளில் பிரமநாயகம் பிள்ளை ஜவுளிக்கடைச் சிப்பந்தி. நோயாளி மனைவிக்குச் சமைத்துப் போட்டு, மருந்து கொடுத்து, கடைக்கும் ஓடுகிறார். பெண் வேலை என்று நாம் ஒதுக்கியதையெல்லாம் அவர் ஒரு வார்த்தை பேசாமல் செய்கிறார். கதையில் யாரும் அவரைப் பாராட்டுவதும் இல்லை. இமையத்தின் 'பெத்தவன்' இன்னொரு கோடி. தலித் இளைஞனைக் காதலித்த மகளைக் கொல்லும்படி ஊர் தகப்பனுக்குக் கட்டளை போடுகிறது. குலமானம் காக்கும் தந்தை என்ற வேஷத்தை அவன் ஊர் முன்னால் கட்டுகிறான், ராத்திரியில் மகளை அனுப்பிவிடுகிறான். அதற்கான விலையைத் தன் உயிரால் கொடுக்கிறான்.

இதில் சாதி எங்கே வருகிறது?

முதல் வரியிலிருந்தே. ருக்மிணி, 'அக்கினிப் பிரவேசம்' பெண், குஞ்சம்மாள் எல்லாரும் பிராமண வீட்டுப் பெண்கள். விதவைக் கோலம், மறுமணத் தடை, சமையலறை மடி எல்லாம் அந்த வீடுகளின் துக்கங்கள். தமிழ்ப் பெண்ணின் பிரச்சினை என்று நாம் நெடுங்காலம் படித்ததில் பெரும்பகுதி சில தெருக்களின் பிரச்சினை. வயலுக்கும் மில்லுக்கும் போன பெண்ணுக்கு வீட்டுக்குள் அடைத்தார்கள் என்ற குறை இல்லை, வேறு குறைகள் இருந்தன.

பாமாவின் 'பொன்னுத்தாயி' அடிக்கிற புருஷனை விட்டு வருகிறாள், பிள்ளைகளை அவனிடமே விடுகிறாள், தாலியை விற்றுக் கடை வைக்கிறாள். தாலியைக் கழற்றும் காட்சிக்கு நம் சினிமாவில் எத்தனை இடி மின்னல்! இங்கே அது கடைக்கு முதல். தாய்மையும் தாலியும் இரண்டும் ஒரே கதையில் இவ்வளவு சாதாரணமாகக் கைமாறுவதைப் பார்த்து எங்கள் கூட்டத்தில் இரண்டு பேருக்குக் கோபம் வந்தது. பிள்ளைகளை விட்டதைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை. அடி வாங்கியதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஈழத்துக் கதைகளிலும் இதே உருவங்கள்தானா?

போர் அவற்றை வேறு மாதிரி புரட்டிப்போட்டது. ரஞ்சகுமாரின் 'கோசலை' படியுங்கள், 1989இல் வந்த 'மோகவாசல்' தொகுப்பில் இருக்கிறது. பிள்ளைகள் இயக்கத்துக்குப் போய்விட்ட யாழ்ப்பாணத்துத் தாய். ராமனைக் காட்டுக்கு அனுப்பிய கோசலையின் பெயர். காவியத்தில் பதினான்கு வருஷம் என்று கணக்காவது இருந்தது.

நான் கதை எழுதுகிறேன். வார்ப்பில் விழாமல் எழுத ஏதாவது வழி சொல்லுங்களேன்?

விழுங்கள், பரவாயில்லை. 'துணிச்சலான பெண்' என்று புதிதாக ஓர் அச்சு வந்திருக்கிறது, அதில் விழுவதற்குப் பழைய மாமியாரே மேல். சிகரெட், பைக், கடைசிப் பத்தியில் ஒரு வசனம் என்று மாதம் நாலு கதை வருகிறது.

நான் செய்து பார்க்கச் சொல்வது ஒன்றுதான். எழுதி முடித்த கதையில் அந்தப் பெண்ணைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் யார் சொல்லித் தெரிந்தது என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே வாருங்கள். கணவன், கணவன், பக்கத்து வீட்டுக்காரர், ஆசிரியர், கணவன். பக்கம் முழுக்க அப்படியே இருந்தால் இரண்டு வழிகள். ஒன்று, அவளுக்கு ஒரு வாய்ப்புக் கொடுப்பது. இன்னொன்று, சொல்பவனுக்குத் தெரியாது என்பதையே கதையாக்குவது. இரண்டாவது கடினம், ஆனால் நல்ல கதைகள் அங்கேதான் அதிகம் கிடைக்கின்றன.

இப்போது புதிதாகப் படிக்க வருபவர் எங்கே தொடங்கலாம்?

வசந்த் இயக்கிய 'சிவரஞ்சனியும் இன்னும் சில பெண்களும்' படம் பார்த்திருந்தால் அங்கிருந்தே தொடங்கலாம். அசோகமித்திரன், ஆதவன், ஜெயமோகன் ஆகிய மூன்று பேரின் கதைகளை வைத்து எடுத்தது. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் அதற்குக் கிடைத்தது. மூன்றிலும் எனக்கு மிக நெருக்கமானது ஜெயமோகனின் 'தேவகி சித்தியின் டைரி'. கூட்டுக் குடும்பத்தில், வேலைக்குப் போகும் மருமகள் ராத்திரியில் டைரி எழுதுகிறாள். அதில் என்ன எழுதுகிறாள் என்று தெரிந்தாக வேண்டும் வீட்டுக்கு. புருஷன், மாமியார், பெரியவர்கள் எல்லாரும் சுற்றி நின்று கேட்கிறார்கள். சொல்வது அந்த வீட்டுப் பையன். அவன் கடைசி வரைக்கும் பார்க்கிறான், எல்லாவற்றையும் நமக்குச் சொல்கிறான், டைரியில் இருந்ததைத் தவிர.